பீகார் பூகம்பமும் நெல்லைப் பேச்சும்

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், சனிக்கிழமை முற்பகலில், பாட்னா நகரில் வாழும் நாம் அனைவரும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படிகளில் இறங்கி ஓடினோம். நேபாளத்தில் தோன்றிய பூகம்பம் அது. அன்றிரவு நகர மக்களில் மிகப் பலர் வீட்டிற்குள் துயிலத் துணியாமல் காந்தி மைதானத்திலும் பிற வெளிகளிலும் பாய் விரித்தனர். நம் காலனிக் குடும்பங்களும் குழந்தைகளைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு வெளியில் அமர்ந்திருந்தன. அடுத்த அதிர்ச்சி இத்தனை மணிக்கு வரும் என்று நேரம் குறித்த வதந்திகள் கைப்பேசிகளில் பறந்தன. அவற்றோடு இன்னொரு பேச்சும் வட்டத்திற்கு வட்டம் எழுந்தது. 'எவர் செய்த பாவமோ' என்பதே அது. ஒருவர் கலியுகம் என்றார்; ஒருவர் ஊரில் பெருகிய அக்கிரமம் என்றார்; ஒருவர் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தாத தம் குற்றத்தையே நினைத்துக் கண்கலங்கினார்.

இந்தக் கேள்வி புதியதன்று. எண்பத்தோராண்டுகளுக்கு முன் இதே பீகார் மண் அசைந்தபோது இதே கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதற்கு விடை கூறியவர் காந்தியடிகள். அவ்விடையை மறுத்தவர் இரவீந்திரநாத் தாகூர். அவ்விடை முதன்முதல் கூறப்பட்ட இடங்கள் நம் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் என்பதை நம்முள் பலர் அறியார். ஆதலின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் எனச் சங்கத்தார் கேட்டபோது, நாம் பிறந்த மண்ணையும் பிழைக்க வந்த மண்ணையும் இணைக்கும் இவ்வரலாற்றையே எழுதுவது பொருத்தம் எனத் துணிந்தோம்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், திங்கட்கிழமை. பொங்கலை அடுத்த நாள். தை அமாவாசையும் கூட. வடநாட்டார் மௌனி அமாவாசை என்று கொண்டாடிக் கங்கையில் நீராடும் நன்னாள். பிற்பகல் இரண்டேகால் மணி அளவில் நிலம் அசையத் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை ஓயாமல் ஆடிற்று. முங்கேர் நகரத்தின் கடைவீதி, விழாக் கூட்டத்தோடு மண்மேடாயிற்று. முசாபர்பூர், தர்பங்கா, மோதிகாரி, சீதாமரி என்னும் ஊர்களில் நின்ற வீடுகளைவிட விழுந்த வீடுகளே மிகுதி. கங்கைக்கு வடக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்திற்கு வயல்கள் பிளந்து, பிளவுகளிலிருந்து நீரும் மணலும் ஊற்றுப்போல் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. விளைநிலம் பாலைபோல் வெளுத்தது. சர்க்கரை ஆலைகள் சிதைந்தமையால், முற்றி நின்ற கரும்பை ஆட்டுவதற்கு வழியின்றி உழவர் திகைத்தனர். பீகாரில் மட்டும் மாண்டவர் 7,000க்கு மேல். நேபாளத்தில் 8,000க்கு மேல். காத்மாண்டுவின் தரஹரா கோபுரம் சாய்ந்தது; அதனை மீண்டும் கட்டினர்; 2015இல் அது மறுபடியும் விழுந்தது. நடுப்பகலில் நிகழ்ந்தமையால், உழவர் பலர் வயல்வெளியில் இருந்து உயிர் தப்பினர். இரவில் நிகழ்ந்திருப்பின் கணக்கு என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவும் நெஞ்சம் நடுங்கும்.

பஞ்சாங்கம் வல்லார் இதற்குக் காரணம் தேட நெடுந்தொலைவு செல்லவில்லை. அந்நாளில் மகர ராசியில் கிரகங்கள் பல ஒருங்கே கூடியிருந்தன. அதுவே காரணம் என்றனர், மக்களும் நம்பினர். இந்த நம்பிக்கையின் நிழல் நெடுங்காலம் நீடித்தது. 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 3 முதல் 5 வரை எட்டுக் கிரகங்கள் அதே மகரத்தில் கூடியபோது, உலகம் அழியும் என்றஞ்சி நாடெங்கும் வேள்விகள் நடந்தன. நெய் குடம் குடமாக ஓமகுண்டங்களில் சொரியப்பட்டது. நம் முதியோருள் அந்த அஷ்டகிரக நாட்களை நினைவுகூர்வோர் இன்றும் உளர். உலகம் அழியவில்லை. வேள்வி செய்தமையால் அழியவில்லை என்று செய்தவர்கள் கூறினார்கள். அதற்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை!

1934க்குத் திரும்புவோம். அந்நாளில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய பயணம் அது. பூகம்பச் செய்தி வந்தபோது அவர் மலையாள நாட்டில் இருந்தார். பின் திருவிதாங்கூர் வழியே தமிழ்நாட்டிற்குள் புகுந்தார். ஜனவரி 24ஆம் நாள் திருநெல்வேலியில் நடந்த பொதுக் கூட்டத்தில் அவர் பீகாரின் துயரை எடுத்துரைத்துப் பொருளுதவி வேண்டினார். வேண்டியதோடு நிற்கவில்லை. நாம் தீண்டாதார் என்று ஒதுக்கியவர்க்கு இழைத்த பெரும்பாவத்திற்கு இறைவன் அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தாம் நம்புவதாகவும், தம்மைப் போன்ற ஒருவர் அங்ஙனம் நம்பாமல் இருக்க இயலாது எனவும் கூறினார். இதனை மூடநம்பிக்கை என்று பிறர் கூறக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதே நாளில் தூத்துக்குடியிலும் இக்கருத்தையே மொழிந்தார். பிப்ரவரி 2ஆம் நாள் வெளிவந்த 'ஹரிஜன்' இதழில் எழுதியும் உறுதிப்படுத்தினார்.

அன்றைய நெல்லைச் சீமையை அறிந்தோர்க்கு அப்பேச்சின் கூர்மை விளங்கும். கோயில் வாயில்கள் அடைபட்டிருந்த காலம். தெருவில் நடக்கவும் கிணற்றில் நீர் எடுக்கவும் தடை இருந்த காலம். மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தவர்களில் பலர் அத்தடைகளைத் தம் வீட்டு வழக்கமாகவே போற்றியவர்கள். அவர்களை நோக்கி, 'அங்கே விழுந்த வீடுகளுக்கு இங்கே நீங்கள் செய்யும் கொடுமையே காரணம்' என்னும் பொருள்பட ஒருவர் பேசினார் என்றால், அந்நெஞ்சுரம் எளியதன்று. இதனை மறந்துவிட்டு அவரைப் பழிப்பது நேர்மையாகாது.

ஆனால் அதே கோலைச் சனாதனிகளும் கையில் எடுத்தனர். பூகம்பம் பாவத்தின் பயன் என்பதை அவர்கள் மறுக்கவே இல்லை; எந்தப் பாவம் என்பதில்தான் வழக்கு. தீண்டாதாரைக் கோயிலுக்குள் விடவேண்டும் என்று காந்தி கிளப்பிய கிளர்ச்சியே தெய்வத்தின் சினத்திற்குக் காரணம் என்று அவர்கள் கூறினார்கள். இரு கட்சியாருக்கும் சான்று ஒன்றே. தீர்ப்பு மட்டும் எதிரெதிர். இடிந்த முங்கேர் நகரம் இருவருக்கும் பொதுச் சாட்சியாயிற்று.

சாந்திநிகேதனத்தில் இருந்த தாகூர் பெரிதும் வருந்தினார். காந்தியடிகளிடம் அவருக்கு இருந்த மதிப்பு உலகறிந்தது. எனினும் வாளாவிருக்க அவரால் இயலவில்லை. மறுப்புரை ஒன்றை எழுதி, அதனைக் காந்தியடிகளுக்கே அனுப்பிவைத்தார். இயற்கை நிகழ்ச்சிகள் இயற்கைக் காரணங்களால் மட்டுமே தோன்றுவன. அறநெறியை மண்ணசைவோடு முடிச்சிட்டால், கருணையுள்ள இறைவனைக் கொடுங்கோலனாக்க நேரும். குற்றவாளிகளை விட்டுவிட்டுக் குழந்தைகளையும், தீண்டாமையால் வருந்தும் ஏழைகளையுமே கொல்லும் நீதி நீதியாகுமா. இவ்வகை வாதம் காந்தியின் பகைவர்களுக்கே மிகவும் பொருந்தும் என்பனவெல்லாம் அம்மறுப்பின் சாரம். மக்கள் உள்ளத்திலிருந்து அச்சத்தைப் போக்கியவர் வாயிலிருந்தே அறிவுக்குப் புறம்பான சொல் பிறக்கலாமோ என்பதே அவரது பெருந்துயரம்.

காந்தியடிகள் அம்மறுப்பை மறைக்கவில்லை. பிப்ரவரி 16ஆம் நாள் 'ஹரிஜன்' இதழிலேயே தாகூரின் உரையை வெளியிட்டு, உடன் தம் விடையையும் வெளியிட்டார். எதிர்க்கட்சியின் சொல்லைத் தம் தாளில் முழுமையாக அச்சிட்டு விடையிறுக்கும் இந்தப் பண்பு இக்காலத்தில் அரிதாகிவிட்டது. பூதங்களின் உலகிற்கும் ஆன்மாவின் உலகிற்கும் பிரிக்கவொண்ணாத தொடர்பு உண்டு. அத்தொடர்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தம்மால் மெய்ப்பிக்க இயலாது. ஆயினும் ஏளனத்திற்கு அஞ்சி நம்பியதை மறைப்பது கோழைமை. இந்நம்பிக்கை ஒருவனைத் தன் பிழையை உணர்ந்து தூய்மையடையத் தூண்டுமாயின் அது நன்மையே என்பது அவர் விடை. இருவரும் கடைசிவரை ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்கவில்லை, நட்பும் முறியவில்லை.

நேரு வேறோர் இடத்தில் கை வைத்தார். அவர் பூகம்பப் பகுதிகளைச் சுற்றிப் பார்த்தவர். முங்கேரில் தாமே மண்வெட்டி ஏந்தி இடிபாடுகளைத் தோண்டியவர். ஊர் திரும்பியதும் பிப்ரவரி 12ஆம் நாள் கைதாகிச் சிறையில் இருந்தபோது எழுதிய தன்வரலாற்றில் இதைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். பாவத்திற்குத் தண்டனை என்றால் எந்தப் பாவத்திற்கு என்று எப்படி அறிவது? சட்டமறுப்பு இயக்கத்தில் வட பீகார் முன்னின்றது. ஆகவே அதற்கான தண்டனை என்று ஆங்கில அரசாங்கமும் கூறிக்கொள்ளலாமே! ஜமீன்தாரி முறைக்கான தண்டனை என்று மற்றொருவர் கூறலாமே! தீண்டாமை தென்னாட்டில்தான் மிகக் கொடியது. அதற்குப் பீகார் மக்கள் ஏன் மடியவேண்டும்? இந்தக் கடைசிக் கேள்வி தமிழராகிய நம்மை நேரே நோக்கிக் கேட்கப்பட்டது போன்றது. நெல்லையில் செய்த குற்றத்திற்கு முங்கேரில் தண்டனை என்றால், பீகாரில் வந்து பிழைக்கும் நாம் இவ்வூர் மக்களின் முகத்தை எங்ஙனம் நிமிர்ந்து பார்ப்பது?

இந்த இடத்தில் நம் பழைய நூல்களை ஒருகணம் திரும்பிப் பார்த்தல் தகும். பூம்புகாரைக் கடல் கொண்டதற்கு மணிமேகலை கூறும் காரணம் என்ன? மகனை இழந்த துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தான் என்பது. மறந்தவன் அரசன், மூழ்கியது ஊர். கொடுங்கோலனது நாட்டில் மழை பொய்க்கும் என்பது குறளும் கொண்ட கருத்து. அரசனை அச்சுறுத்தி நெறிப்படுத்த அஃது ஒரு கருவியாக இருந்திருக்கலாம். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறும் செய்தியோ உள்ளத்தை உறையச் செய்வது. கோவலன் கொலையுண்ட பின் பாண்டி நாட்டில் மழை பொய்த்து நோயும் பரவியதாம், கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழாவெடுத்தானாம், மழை பெய்ததாம். பொய் கூறிய பொற்கொல்லன் ஒருவன், பலியானவர் ஆயிரவர். அவ்வாயிரவரும் செய்த குற்றம் அவன் செய்த தொழிலையே செய்தது. இஃது உண்மையில் நிகழ்ந்ததோ கதையோ, நாம் முடிவு கூற வல்லேம் அல்லேம். ஆனால் 'எவர் பாவம்?' என்ற தேடல் தொடங்கினால் அஃது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான பக்கம் நம் இலக்கியத்தில் இல்லை. காந்தியடிகள் 'நம் பாவம்' என்றார். அவர் சொல்லைக் கேட்டவர்களோ, அதனை எளிதில் 'அவர்கள் பாவம்' என்று மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள்.

மேலைநாட்டாரும் இதற்கு விலக்கல்லர். 1755 நவம்பர் 1ஆம் நாள், அனைத்துப் புனிதர் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் இடிந்து எரிந்தது. அது தெய்வ தண்டனையே என்று நூல் எழுதிய மலகிரிடா என்னும் ஏசுசபைப் பாதிரியாரை, நகரைப் புதுப்பிக்க முனைந்திருந்த அமைச்சர் பொம்பால் அந்நகரைவிட்டு வெளியேற்றினார். மக்கள் மனம் தவத்தில் ஆழ்ந்தால் மண்ணள்ள ஆள் கிடைக்காது என்பது அமைச்சர் கவலை போலும்.

பூகம்பத்தின் மெய்க்காரணத்தை அறிய ஆய்வாளர் உழைத்த உழைப்பும் இதே காலத்ததே. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையினர் சிதைந்த ஊர்களை நேரில் ஆராய்ந்து, 1939இல் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். தொடக்கத்தில், நிலம் மிகவும் உள்ளடங்கிய வட பீகாரின் அடியிலேயே பூகம்பம் பிறந்தது என்று கருதினர். பின்னர் வந்த ஆய்வுகள், அது கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்திற்குத் தெற்கே பிறந்தது எனக் காட்டின. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து இமயத்தின் அடியில் புகுகின்றது. பற்றி நிற்கும் பாறைகள் தாங்கமாட்டாமல் ஒருநாள் சறுக்குகின்றன. ஆறுகள் கொணர்ந்து கொட்டிய ஈர வண்டல் மண் அந்த அதிர்ச்சியில் நீர்போல் இளகுகின்றது. ஆதலின்தான் தோன்றிய இடத்திற்கு நெடுந்தொலைவிலுள்ள கங்கைக்கரை ஊர்களும் அத்துணை அழிந்தன. 1833 ஆகஸ்டு 26ஆம் நாளும் இதே பகுதியில் பூகம்பம் வந்தது. அன்று முதலில் வந்த சிற்றதிர்ச்சிகளுக்கு அஞ்சி மக்கள் வீட்டைவிட்டு வெளியேறியிருந்தமையால், பேரதிர்ச்சியில் உயிரிழப்புக் குறைந்தது. அவர்களுடைய பாவம் குறைந்திருந்தது என்று எவரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இனி, சமயப் பற்றுடையோர் கையால் செய்தவற்றைக் கூறாது விட்டால் இக்கட்டுரை ஒருகண் பார்வையாகிவிடும். அப்போது சிறைக் கைதியாக மருத்துவமனையில் இருந்த இராஜேந்திர பிரசாத் ஜனவரி 17இல் விடுதலையாகி, பீகார் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார். இராமகிருஷ்ண மடத்துத் துறவிகள் வந்தனர். மார்வாரி நிவாரணச் சங்கத்தார் வந்தனர். காந்தியடிகளும் மார்ச்சு 11ஆம் நாள் பாட்னாவை அடைந்து ஊர் ஊராகச் சென்றார். உழைக்க வல்லவர் நிவாரணத்தைத் தானமாகப் பெறாமல் உழைத்தே பெறவேண்டும் என்று வற்புறுத்தினார். நெடுங்காலம் பகைத்து நின்ற அரசாங்கத்தோடு இப்பணியில் ஒத்துழைக்கலாம் என்ற தீர்மானத்தை நிவாரணக் குழுவில் கொணர்ந்தவரும் அவரே. சுவிட்சர்லாந்திலிருந்து பியர் செரெசோல் என்னும் சமயப்பற்றாளர், போரை வெறுத்துத் தொண்டையே வழிபாடாகக் கொண்டவர், சில துணைவருடன் வந்தார். பூகம்பத்திற்குப் பின் வெள்ளத்தில் மூழ்கத் தொடங்கிய சிற்றூர்களை மேட்டு நிலத்தில் புதிதாகக் கட்டும் வேலையில் மண்சுமந்தார். இவ்வாறு எழுந்த புதிய ஊர் ஒன்றிற்குச் சாந்திபூர் என்று பெயர்.

நம்மவர் ஒருவரும் அங்கே இருந்தார். தஞ்சையில் 1892இல் கிறித்துவக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்ற ஜே. சி. குமரப்பாவே அவர். நிவாரண நிதியின் கணக்கைக் காக்கும் பொறுப்பு அவர்பால் ஒப்படைக்கப்பட்டது. நாடெங்குமிருந்து ஏழைகள் அனுப்பிய அணாக்களும் அதில் அடக்கம்; ஆகவே ஒரு தம்பிடியும் வழிதவறக் கூடாது என்பது அவர் கொள்கை. தொண்டர் ஒருவர் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று அவர் வரையறுத்திருந்தார் என்றும், காந்தியடிகளின் குழு பாட்னாவில் தங்கியபோது அவர்கள் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க இயலாதென மறுத்துவிட்டார் என்றும், காந்தியடிகள் அதனை மகிழ்ந்து ஏற்றார் என்றும் கூறுவர். நெல்லையில் பாவக் கணக்கைக் கூறியவரிடமே பாட்னாவில் அணாக் கணக்கைக் கேட்ட தமிழர் அவர். முன்னது இன்றும் முடியாத வழக்கு. பின்னது தணிக்கை செய்யப்படக்கூடியது.

கோயில் நுழைவு வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதும் கூறத்தக்கது. 1936 நவம்பரில் திருவிதாங்கூரில் கோயில்கள் திறந்தன. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒதுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். அம்மன் கோயிலைவிட்டே நீங்கிவிட்டாள் என்று கூறி வேறோரிடத்தில் வழிபாடு நடத்தியவரும் உண்டு. மதுரையில் மண் அசையவில்லை. அதனைக் கொண்டு எவரும் எதனையும் நிறுவவும் முயலவில்லை. அசையாத நாட்களைப் பற்றி யார் பேசுவர்!

2013இல் கேதாரநாத்தில் வெள்ளம் வந்தபோது, அணைக்காகத் தாரிதேவி சிலையை இடம்பெயர்த்ததே காரணம் என்றனர். கோயிலைக் காத்த பெரும்பாறையை இன்று பீமசிலை என்று வணங்குகின்றனர். 2018இல் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, சபரிமலை வழக்கோடு அதனை முடிச்சிட்டவர்கள் இருந்தனர். பாறைக்கு நன்றி செலுத்துபவரோடு நமக்கு வழக்கில்லை. அது நடுங்கிய நெஞ்சின் நன்றி. வெள்ளத்தில் நிற்பவனிடம் சென்று 'உன் பாவம்' என்பவரோடுதான் வழக்கு. 2015ஆம் ஆண்டின் அவ்விரவில் நேர்த்திக்கடனை நினைத்து அழுத அம்மையார் யாரையும் பழிக்கவில்லை. விடிந்ததும் தம் வீட்டு அரிசி மூட்டையை நிவாரணத்திற்குப் பொருள் திரட்ட வந்த இளைஞர்களிடம் எடுத்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்தாரும் கொடுத்தனர்.

1934இல் தமிழ்நாட்டிலிருந்து நிதி அனுப்பியவர்களும் தொண்டு செய்ய வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிய செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. காலனிக் குடும்பங்களில் எவரிடமேனும் அக்காலத்துக் கடிதமோ நிழற்படமோ நிதிச் சீட்டோ இருக்குமாயின், அதனைச் சங்க நூலகத்திற்குக் கொடுத்துதவ வேண்டுகின்றோம். மூலத்தைப் படியெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம்.